ஏன் எங்கள் நிறுவனம்? 250 சொற்களுக்கு மிகாமல் விடை தருக

லண்டனில் பெரிய வணிகச் சட்ட நிறுவனம் ஒன்றில் டிரெய்னி சொலிசிட்டராகச் சேர விரும்பும் இளைஞர்களுக்கு முதல் அறிவுரை: உண்மையான காரணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், விண்ணப்பத்தைப் படிக்கப்போகும் அம்மையாருக்கும் தெரியும். லின்க்லேட்டர்ஸ், கிளிஃபர்ட் சான்ஸ், ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ், ஏ அண்ட் ஓ ஷெர்மன், ஸ்லாட்டர் அண்ட் மே என்ற ஐந்தையும் ‘மேஜிக் சர்க்கிள்’ என்பார்கள். 2024 கணக்குப்படி அங்கே முதலாண்டு டிரெய்னிக்கு வருடச் சம்பளம் 56,000 பவுண்டு. இரண்டு வருடப் பயிற்சி முடிந்து சொலிசிட்டராகப் பதிந்துகொண்டதும் அது 1,50,000. லண்டனில் கடை விரித்திருக்கும் அமெரிக்க நிறுவனங்கள் சிலவற்றில் 1,80,000. இந்த எண்களில் ஒன்றுகூட விண்ணப்பத்தில் தலைகாட்டக் கூடாது. ‘எல்லை கடந்த பரிவர்த்தனைகளின் சிக்கலான தன்மை என்னைச் சிறுவயது முதலே ஈர்த்துவந்திருக்கிறது’ என்று எழுதுங்கள். சிறுவயதில் உங்களை ஈர்த்தது வேறு என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் எழுதுங்கள். கேட்பவரும் நம்பாத ஒன்றை முகம் கோணாமல், இலக்கணப் பிழையில்லாமல், சொல்வரம்பு தாண்டாமல் எழுதத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

வக்கீல் என்றதும் கறுப்பு அங்கியும் சாட்சிக் கூண்டும் மனசில் வந்தால் அதையும் ஓரமாக வைக்கவும். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் பாரிஸ்டர்களின் பிழைப்பு. 1888-ல் காந்தி கப்பலேறிப் போய் இன்னர் டெம்பிள் என்ற பாரிஸ்டர் சங்கத்தில் சேர்ந்தது அதற்குத்தான். நீங்கள் ஆகப்போவது சொலிசிட்டர், அதிலும் வணிகச் சொலிசிட்டர். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும், வங்கி கடன் கொடுக்கும், இருநூறு பக்கத்துக்கு ஒப்பந்தம் தயாராகும். அதை எழுதுகிறவர் நீங்கள் அல்ல. ‘பிரிவு 14.3-ன்படி’ என்று போட்டிருக்கிறதே, நேற்றுச் செய்த திருத்தத்தில் அந்தப் பிரிவு 14.4 ஆகிவிட்டதா என்று இரவு பதினொன்றரை மணிக்கு விரல் வைத்துப் பார்க்கிறவர்தான் நீங்கள். கையெழுத்துப் பக்கங்களை நாலு நாட்டிலிருந்து திரட்டிச் சேர்ப்பதும் உங்கள் பாடு. வங்கிக்காக ஒரு கம்பெனியின் சொத்தின் மேல் ஈடு எழுதி வாங்கினால், 21 நாளுக்குள் அதைக் கம்பெனிப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸில் பதிந்தாக வேண்டும். தவறினால், கம்பெனி நொடிக்கும்போது அந்த ஈடு லிக்விடேட்டரிடம் செல்லாது. வங்கி, கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அத்தனை பெரிய கடனின் பத்திரம் ஒரு படிவத்தில் தொங்குகிறது. அந்தப் படிவத்தை நிரப்பும் வேலை பெரும்பாலும் அலுவலகத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் தலையில் விழும். ஒரே ஒரு எழுத்துப் பிழைக்காக விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்களே என்று நொந்துகொள்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். இந்த ஆள்தேர்வுச் சடங்கில் எனக்கு நியாயமாகப் படுகிற ஒரே அம்சம் அதுதான்.

எப்போது தொடங்க வேண்டும்? சட்டம் படிக்கிறவர் இரண்டாம் ஆண்டு ஆரம்பித்த கையோடு. பெரிய நிறுவனங்கள் இரண்டு வருடமோ அதற்கு மேலோ முன்கூட்டியே ஆள் பிடிக்கின்றன. பத்தொன்பது வயதில், நிலச் சட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாத நேரத்தில், எந்தத் துறையில் தொழில் செய்ய ஆசை என்று எழுதித் தர வேண்டும். பயிற்சியை ஆறாறு மாதமாக நான்கு ‘சீட்’டாகப் பிரித்திருப்பதே எந்தத் துறை ஒத்துவருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் என்றாலும், கண்டுபிடித்துவிட்டவர் போலப் பேசுங்கள். வரலாறும் வேதியியலும் படித்தவர்களுக்கும் இடமுண்டு. பட்டத்துக்குப் பிறகு ஒரு வருடம் சட்டம் படித்துவிட்டுக் கணிசமான பேர் வந்து சேர்கிறார்கள். அவர்களிடம் ‘ஏன் சட்டம்?’ என்று கேட்பார்கள். சட்டம் படித்தவர்களிடமும் அதையேதான் கேட்பார்கள்.

இதில் ஒரு சின்ன வரலாறு உண்டு. அந்தக் காலத்தில் சொலிசிட்டரிடம் தொழில் பழகுகிறவரை ‘ஆர்ட்டிகிள்டு கிளார்க்’ என்பார்கள். வீட்டார் பெருந்தொகை கட்டித்தான் பையனைச் சேர்த்துவிட வேண்டும். டிக்கன்ஸின் டேவிட் காப்பர்ஃபீல்டை இதே ஜாதித் தொழிலான பிராக்டர் வேலைக்கு, ஸ்பென்லோ அண்ட் ஜார்க்கின்ஸ் என்ற நிறுவனத்தில், அவன் அத்தை ஆயிரம் பவுண்டு கட்டிச் சேர்க்கிறாள். பிறகு அத்தை நொடித்துப்போகிறாள். டேவிட் போய்ப் பணத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறான். ‘எனக்கு ஆட்சேபமே இல்லை, ஆனால் என் பங்காளி ஜார்க்கின்ஸ் இருக்கிறாரே, அவர் சம்மதிக்க மாட்டார்’ என்று கைவிரிக்கிறார் ஸ்பென்லோ. ஜார்க்கின்ஸோ யார் வம்புக்கும் போகாத சாது. இன்றைக்கு ஜார்க்கின்ஸ் வேலையைச் செய்வது ‘இந்த ஆண்டு விண்ணப்பங்களின் தரம் மிக உயர்ந்திருந்த காரணத்தால்’ என்று தொடங்கும் மின்னஞ்சல். பெண்களுக்கு அந்நாளில் பணம் கட்டினாலும் கதவு திறக்கவில்லை. 1919-ல் சட்டம் மாறி, 1922-ல் கேரி மாரிசன் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவானார்.

இப்போது பெரிய நிறுவனங்களே படிப்புக் கட்டணத்தைக் கட்டி, படிக்கிற காலத்துச் செலவுக்கும் கொடுக்கின்றன. ஆனால் பழைய காணிக்கை ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பவுண்டாக வாங்கியதை இன்று சொற்களாக வாங்குகிறார்கள். மூன்று கேள்வி, கேள்விக்கு 250 சொல், நிறுவனத்துக்கு 750. இருபது நிறுவனத்துக்குப் பதினைந்தாயிரம் சொல். நம் ஊரில் இதைவிடக் குறைவாக எழுதிக் குறுநாவல் என்று அட்டை போட்டிருக்கிறார்கள்.

அந்த மூன்று கேள்விகளில் தலையாயது ‘ஏன் எங்கள் நிறுவனம்?’ என்பது. இதைக் கோயில் அர்ச்சனை மாதிரி செய்யலாம். மந்திரம் ஒன்றேதான், பெயர், நட்சத்திரம், கோத்திரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பெயர் என்பது நிறுவனத்தின் பெயர். நட்சத்திரம், அண்மையில் அவர்கள் முடித்துக்கொடுத்த பெரிய பரிவர்த்தனை ஒன்று. அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும், அவர்கள் எழுதியதை அவர்களுக்கே திருப்பிப் படித்துக்காட்டுங்கள். கோத்திரம், ‘உங்கள் நிறுவனத்தின் கூட்டு மனப்பான்மை மிக்க பண்பாடு’. பண்பாடு இல்லாத நிறுவனம் என்று இதுவரை எவரும் தங்களை விளம்பரப்படுத்திக்கொண்டதில்லை. ஆகவே துணிந்து போடலாம்.

மாற்ற வேண்டியதை மாற்ற மறந்துவிடாதீர்கள். லின்க்லேட்டர்ஸுக்கு அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பத்தியில் கிளிஃபர்ட் சான்ஸ் மேலுள்ள காதலைச் சொல்லி மாண்டவர் அநேகம். இப்போது அதிலும் புதுச் சிக்கல்: நீங்கள் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள், அவர்கள் பெயர் மாறியிருக்கும். ஆலன் அண்ட் ஓவரி 2024 மே மாதம் நியூயார்க்கின் ஷெர்மன் அண்ட் ஸ்டெர்லிங்குடன் இணைந்து ஏ அண்ட் ஓ ஷெர்மன் ஆனது. ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ் புரூக்ஹவுஸ் டெரிங்கர் அதே வருடம் பின்னால் இருந்த இரண்டு ஜெர்மன் பெயர்களையும் கழற்றிவிட்டது. ஹெர்பர்ட் ஸ்மித் ஃப்ரீஹில்ஸ் 2025 ஜூனில் ஒரு கிரேமரைச் சேர்த்துக்கொண்டது. சேர்க்கிறவர்கள், கழிக்கிறவர்கள் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அதேபோல ‘உலகம் முழுவதும் பரந்த உங்கள் அலுவலகங்கள்’ என்ற வரி எல்லோருக்கும் பொருந்தாது. ஸ்லாட்டர் அண்ட் மேக்கு லண்டனை விட்டால் பிரஸ்ஸல்ஸ், ஹாங்காங், பெய்ஜிங் அவ்வளவுதான். மற்ற நாடுகளில் அந்தந்த ஊர் நிறுவனங்களோடு நட்பு வைத்துக் காரியம் பார்ப்பது அவர்கள் வழி. அவர்களுக்குப் போய்ப் பரந்த அலுவலகங்கள் என்று எழுதினால், நீங்கள் படிக்கவில்லை என்பதை நீங்களே கையொப்பமிட்டுக் கொடுத்தாயிற்று.

சாட்ஜிபிடி எழுதித்தரும் பதிலுக்கும் மாணவர் எழுதும் பதிலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று நிறுவனத்தார் குறைப்படுகிறார்கள். இதில் சாட்ஜிபிடியின் குற்றம் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்தது ‘பணி அனுபவம்’ என்ற பெட்டி. இங்கே கேலியைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் சறுக்குகிற இடம் இது. அப்பாவுக்கு வெம்ப்ளியிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு கடை இருக்கும். பிள்ளை பதினான்கு வயதிலிருந்து கல்லாவில் நின்றிருக்கும். விண்ணப்பத்தில் அதை ‘பகுதிநேர விற்பனை உதவியாளர்’ என்று ஒரே வரியில் புதைத்துவிட்டு, மீதி இடத்தைப் பல்கலைக்கழக விவாதக் கழகத்தின் துணைப் பொருளாளர் பதவியாலும், வீட்டுக் கணினியில் மூன்று மணி நேரம் பார்த்த ‘மெய்நிகர் பயிற்சி’யாலும் நிரப்பும். ஐயா, அம்மா, கொஞ்சம் யோசியுங்கள். விற்காத பத்திரிகைகளைக் கட்டி, சீட்டுப் போட்டு, அடுத்த நாள் காலை வேனில் திருப்பி அனுப்பாவிட்டால் காசு வராது என்பது விற்காததைத் திருப்பித் தரும் ஒப்பந்தம். வகுப்பில் பாடமாக நடத்துவார்கள். கேஷ் அண்ட் கேரியில் எவ்வளவு கடன் நிற்கிறது, எதை முதலில் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று அப்பா மேசையில் பென்சிலால் போடும் கணக்குக்குத்தான் இவர்கள் ‘பணப்புழக்க மேலாண்மை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம் லீஸ். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரருடைய வக்கீலிடமிருந்து தடித்த உறை வரும். கல்லாவுக்குப் பின்னால் நின்று பிள்ளைதான் படித்துச் சொல்லும்.

“அப்பா, 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலை எங்களுக்கு இருக்கிற பாதுகாப்பு வேண்டாம் எண்டு எழுதித் தரட்டாம். அப்பிடி எழுதினால் லீஸ் முடிய எழும்பு எண்டால் எழும்பத்தான் வேணும்.”

“அப்ப வையன் அதை அங்கால. முதல்ல ஆரையும் கேப்பம்.”

வணிகக் குத்தகைச் சட்டத்தின் மையப்புள்ளி இதுதான்: குத்தகைக் காலம் முடிந்த பிறகும் கடைக்காரர் புதுப்பித்துக் கேட்கும் உரிமையை அந்தச் சட்டம் கொடுக்கிறது, உரிய எச்சரிக்கை அறிவிப்பைக் கொடுத்துக் கடைக்காரரிடம் உறுதிமொழி வாங்கிவிட்டால் அந்த உரிமையை விலக்கிவிடலாம். இதைப் பதினைந்து வயதில் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர், நேர்காணலில் ‘வணிக விழிப்புணர்வு’ பற்றிக் கேட்டால் தேம்ஸ் வாட்டரின் கடனைப் பற்றி ஃபைனான்ஷியல் டைம்ஸில் அன்று காலை மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார். முன்னால் உட்கார்ந்திருக்கும் பார்ட்னர் அன்று அதைக் கேட்பது ஐந்தாவது தடவை. கடையைச் சொல்லுங்கள்.

சரி, கேலிக்குத் திரும்புவோம். விண்ணப்பம் போன சூட்டோடு பல நிறுவனங்களிலிருந்து வாட்சன் கிளேசர் என்ற சோதனை வரும். 30 நிமிடம், 40 கேள்வி. ஊகம், அனுமானம், முடிவு, விளக்கம், வாதத்தின் வலு என்று ஐந்து பகுதி. இதில் தேற ஒரே வழி, உலகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கூடியவரை அரை மணி நேரத்துக்கு மறந்துவிடுவது. ‘சீக்கிரம் கிளம்பு, எட்டேகால் ரயிலைப் பிடிக்கலாம்’ என்று ஒருவர் சொன்னால், எட்டேகாலுக்கு ரயில் வரும் என்று அவர் அனுமானிக்கிறாரா? ஆம். லண்டனில் குடியிருக்கிறவர் அப்படி அனுமானிக்கலாமா என்று நீங்கள் யோசித்தால் தோற்றீர்கள். வலுவான வாதம் எது, பலவீனமானது எது என்ற பகுதியில் நம் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் திணறுவது இயற்கை. ‘நான் சொல்றேன், அதனாலதான்’ என்பது அங்கே பலவீனமான வாதம்.

அதைத் தாண்டினால் காணொளி நேர்காணல். பெயர்தான் நேர்காணல், நேரே ஒருவரும் இருக்க மாட்டார்கள். கேள்வி திரையில் எழுத்தாக வரும், யோசிக்க அரை நிமிடம், பேச ஒன்றிரண்டு நிமிடம், எதிரே உங்கள் முகமே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே கோட், டை. கீழே சாரம் கட்டியிருந்தாலும் தெரியாது, எழுந்திருக்காத வரை. “அம்மா, பத்து நிமிஷத்துக்குக் குக்கர் வையாதேங்கோ” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால், உங்கள் வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த சவாலை விவரிக்கும்போது மூன்றாவது விசில் வரும்.

இதற்கெல்லாம் தப்பிய சிலர் மதிப்பீட்டு நாளுக்குப் போவார்கள். காலையில் குழுப் பயிற்சி. ஆறு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு பிரச்சினையைக் கொடுத்து, சுவரோரம் இருவர் குறிப்பெடுத்துக்கொண்டு நிற்பார்கள். முன்னொரு காலத்தில் சத்தமாகப் பேசியவருக்கு வாய்ப்பு என்றிருந்தது. இப்போது எல்லோரும் உஷாராகிவிட்டார்கள். மற்றவரைப் பேசவைப்பதில்தான் போட்டி. ‘நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே, உங்கள் கருத்து என்ன?’ என்று ஓரத்துப் பெண்ணிடம் ஒருவர் கேட்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர், ‘ஆமாம், அவருக்கு இடம் கொடுப்போம்’ என்பார். மூன்றாமவர் இருவரையும் பாராட்டுவார். நேரம் பார்க்கிறேன் என்று நாலாமவர் கடிகாரத்தைக் கைப்பற்றுவார். அந்தப் பெண் என்ன சொல்ல வந்தார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. நீங்கள் அந்தப் பெண்ணாக இருந்தால், முதல் நிமிடத்திலேயே எதையாவது சொல்லி வைத்துவிடுங்கள்.

பிறகு பார்ட்னர் ஒருவரோடு ஒரு மாதிரிப் பிரச்சினை. ‘நம் கட்சிக்காரர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையை வாங்க விரும்புகிறார், எதைப் பார்ப்பீர்கள்?’ இதற்கு ஒழுங்கான பதில் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். கம்பெனியின் பங்குகளை வாங்கினால் அதன் பழைய கடன், வழக்கு, வரிப் பாக்கி எல்லாம் கூடவே வரும். கட்டடம், இயந்திரம், பெயர் என்று சொத்தாக வாங்கினால் வேண்டியதைப் பொறுக்கி எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுத வேண்டும், கட்டடம் குத்தகை என்றால் பெரும்பாலும் உரிமையாளர் சம்மதம் வேண்டும். தொழிலாளர்களைப் பொறுக்க முடியாது. தொழிலே கைமாறினால் 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் இருக்கிற சம்பளத்தோடும் சேவைக் காலத்தோடும் புது முதலாளிக்கு வந்துவிடுவார்கள். இன்னொன்று, பிஸ்கட்டில் பாதியை வாங்குவது ஒரே ஒரு சூப்பர் மார்க்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தில் ‘கம்பெனி கைமாறினால் நாங்கள் விலகலாம்’ என்று ஒரு பிரிவு இருந்தால், வாங்கிய மறுநாள் உங்கள் கட்சிக்காரரிடம் அடுப்பு இருக்கும், வியாபாரம் இருக்காது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் பார்ட்னர் நிமிர்ந்து உட்கார்வார். மாவின் தரத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

மத்தியானம் நிறுவனத்தின் டிரெய்னிகளோடு சாப்பாடு. ‘இது மதிப்பீட்டில் சேராது, மனம்விட்டுப் பேசுங்கள்’ என்பார்கள். சேரும் என்று வைத்துக்கொண்டு சாப்பிடுவது நல்லது. ‘எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறீர்கள்?’ என்று கேட்காதீர்கள். பதில் சொல்கிறவரின் கண்ணுக்குக் கீழே பாருங்கள். இதே நாடகத்தை ஓரிரு வாரம் நீட்டி நடத்தினால் அதற்கு ‘வெக்கேஷன் ஸ்கீம்’ என்று பெயர். விடுமுறையில் நடப்பதால் அந்தப் பெயர். வாரத்துக்கு ஐந்நூறு பவுண்டு பக்கம் கிடைக்கும். பல நிறுவனங்கள் தங்கள் டிரெய்னிகளில் பெரும்பங்கை இப்படி வந்தவர்களிலிருந்தே பொறுக்குகின்றன. மாலை விருந்தில் இரண்டாவது கோப்பையை எடுக்கலாமா என்பது பழைய கேள்வி. கையில் வைத்திருக்கலாம்.

கடைசியில் ஜார்க்கின்ஸிடமிருந்து கடிதம் வரும், அல்லது ஒன்றுமே வராது. ஒரு நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம். மிகப் பெரிய இடங்களிலேயே வருடத்துக்கு எடுப்பது நூறு பேர் அளவில். ஆகவே இன்னொரு வாசலும் இருப்பதை அறிந்துகொள்ளுங்கள். 2021-ல் எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வு வந்த பிறகு, டிரெய்னிங் கான்ட்ராக்ட் என்கிற பயிற்சி ஒப்பந்தம் இல்லாமலும் சொலிசிட்டர் ஆகலாம். முதல் கட்டத்தில் 360 கொள்குறி வினாக்கள். இரண்டாவதில் எழுத்தும் பேச்சுமாக 16 பயிற்சிகள். இரண்டுக்கும் கட்டணம் நாலாயிரம் பவுண்டுக்கு மேல். அதோடு இரண்டு வருடச் சட்டப் பணி அனுபவம் காட்ட வேண்டும். அதை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். பாராலீகல் என்ற சட்ட உதவியாளராக இருந்ததும், இலவசச் சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்ததும் கணக்கில் வரும். ஊரில் வக்கீலாகப் பதிந்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த இரண்டு வருடமும் தேவையில்லை, தேர்வு எழுதினால் போதும். இதை மாமாக்களிடம் விளக்கிப் புரியவைப்பதுதான் கஷ்டம். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கேனரி வார்ஃப் கண்ணாடிக் கட்டடம்.

தப்பித் தவறி வேலை கிடைத்துவிட்டால், பயிற்சி ஒப்பந்தம் மின்னஞ்சலில் வரும். தொடக்க நாள் இரண்டு வருடத்துக்கு அப்பால் இருக்கும். எஸ்.க்யூ.இ.யை முதல் தடவையிலேயே தேற வேண்டும் என்று நிபந்தனை போடும் நிறுவனங்கள் உண்டு. முதல் கட்டத்தில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் தேறுகிறார்கள் என்பதையும் சேர்த்து அந்த வரியைப் படிக்க வேண்டும். இடையில் விலகினால் கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும். ஒப்பந்தம் படிப்பதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட பிள்ளை, முதல் பக்கத்தைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டுவிட்டு, மீதியைப் புரட்டாமல் கையெழுத்துப் போடும். முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள். புரியாவிட்டால் ஒரு சொலிசிட்டரைக் கேட்கலாம். மணிக்கு எவ்வளவு வாங்குவார் என்று முதலில் விசாரித்துக்கொள்ளவும்.